இனிக்கும் மாவு

நாள் 88. மாலை

என்சலடஸ் பனித்தளம். பதிவு: சண்முகவடிவு, உயிர்வேதியியல். தளத்தில் நான் ஒருத்திதான். சனிக்கோளின் இந்தத் துணைக்கோளில் பனிக்கு அடியில் கடல் கிடக்கிறது. அதில் உயிர் உண்டா என்று பார்ப்பது என் வேலை. இன்றும் துளைக்கிணற்று நீரில் ஒன்றும் முளைக்கவில்லை. வலது கையுறையின் விரல் நுனியில் சின்னக் கிழிசல். கையைக் கழுவிக்கொண்டேன்.

மாவுத் தொட்டி நன்றாக ஓடுகிறது. நான் விடும் மூச்சிலிருக்கும் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் தின்று அதிலுள்ள பாக்டீரியா பெருகும். அந்த மாவுதான் எனக்கு மூன்று வேளையும். தொட்டியைக் கழுவும்போதெல்லாம் முத்திரை போட்ட குப்பியை உடைத்துப் புது விதை போடச் சொல்கிறது கையேடு. எழுதினவர் ஒரு நாளும் இட்லிக்கு மாவு கரைத்ததில்லை போலும். பழைய மாவில் ஒரு கை மிச்சம் வைத்து, புதியதில் வெறுங்கையால் கலக்கிவிட்டால் போதும். எங்கள் வீட்டில் கரண்டி போட்டுக் கலக்க விடமாட்டார்கள். இன்றும் அப்படித்தான் கலக்கினேன். ஜம்மென்று பொங்கியிருக்கிறது.

நாள் 95. மாலை

துணைக்கோளை மேலே சுற்றிக்கொண்டிருந்த கயல் கப்பல் ஊருக்குக் கிளம்புகிறது. ஐந்து பேர். என்னை அழைத்துப்போக அடுத்த வருடம் வேறு கப்பல் வரும். தலைவன் பிலவேந்திரன், தூத்துக்குடிக்காரன், கிளம்பும் நேரத்தில் கேட்டான்:

"வடிவக்கா, எங்க தொட்டி மாவ வாயில வைக்க முடியல. ஒங்க மாவுல ஒரு கிண்ணம் குடுத்து விடுங்க, உறை ஊத்திக்கிடுதோம்."

கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? சரக்கு ராக்கெட்டில் மூடி போட்டு அனுப்பினேன். கூடவே, குப்பியை வீணாக்காதே, ஒரு கை மிச்சம் வை என்றும் சொல்லி அனுப்பினேன். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

நாள் 131. காலை

மாவு புளிக்கவில்லை. இனிக்கிறது. முதலில் நாக்குக் கோளாறு என்று நினைத்தேன். மூன்று தோசைக்குப் பதில் ஆறு தின்கிறேன். வயிறு முட்டுகிறது, ஆனால் பசி போகவில்லை. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

நாள் 138. மதியம்

மாவைக் கரைத்து வடிகட்டி, குளுக்கோஸைப் பிரித்து, ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் ஒளிக்குழாயில் வைத்தேன். குளுக்கோஸ் ஒளியை வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது இடப்பக்கம் திருப்புகிறது. கருவியைத் திட்டிவிட்டு மறுபடி வைத்தேன். இடப்பக்கம்தான்.

இதைக் கண்டெடுக்கப்போகிறவருக்காக எழுதி வைக்கிறேன். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. ஒவ்வொன்றும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்ந்தது. அதே அணுக்களை அதே வரிசையில் இரண்டு விதமாகக் கட்டலாம், நம் இரு கைகளைப் போல. பூமியில் புல்லும் புலியும் நானும் இடக்கை அமினோ அமிலத்தில் கட்டப்பட்டவர்கள். எங்கள் சர்க்கரை வலக்கை. என் உடலின் நொதிகள் அதற்கென்றே தைத்த கையுறைகள். மாற்றுக் கை அதில் நுழையாது. தொட்டியில் இருப்பது மாற்றுக் கை. நாக்குக்கு இனிப்பு, உடம்புக்கு வெறும் சாம்பல்.

உயிரைத் தேடி இவ்வளவு தூரம் வந்தேன். அடப் பாவி, அது என் தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிழிந்த கையுறை. வெறுங்கை. என் புண்ணியக் கை.

நாள் 144. காலை

தொட்டியைக் கொதிக்க வைத்தேன். குப்பியை உடைத்துப் புது விதை போட்டேன். இன்று மறுபடி இனிக்கிறது. குழாய் மூட்டுகளில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் போதும் அதற்கு. இரண்டுக்கும் இடக்கை வலக்கை கிடையாது.

மூட்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் கயலுக்கு அனுப்பிய கிண்ணம் நினைவுக்கு வந்தது. ஐயோ.

நாள் 144. மாலை

கயலுக்குச் செய்தி அனுப்பினேன்: மாவைத் தொடாதே, உடம்பு நிறை பார், பதில் சொல். இரண்டு மணி நேரம் உட்கார முடியவில்லை. பிலவேந்திரனின் பதில் வந்தது:

"அக்கா, கிண்டலா பண்ணுதீங்க? தொட்டி பூரா ஒங்க மாவுதான். பயலுவ பாயசம்னுல்ல சொல்லுதானுவ. எல்லாருமே கொஞ்சம் மெலிஞ்சுதான் போயிட்டோம்."

நாள் 145. காலை

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். என்னிடம் மாவைத் தவிர ஒன்றும் இல்லை, அவர்களிடம் பொட்டலச் சாப்பாடு இருக்கிறது. சிக்கனமாகத் தின்றால் ஊர் போய்ச் சேரலாம். ஆனால் கப்பலின் குழாய்களில், அவர்கள் குடலில், தோலில் அது இருக்கிறது. நம் கடலில் விழுந்தால் அதைச் செரிக்க ஒரு புழு கிடையாது. அது பாட்டுக்குக் காற்றைத் தின்று பெருகும், மீன் தின்னும், மீனைத் தின்பவர் தின்பார்கள், எல்லோருக்கும் வயிறு நிறையும். ஊருக்குப் போகாதே என்றேன்.

"எம் பேத்திக்கு இன்னும் பேரு வைக்கலக்கா. நான் வந்துதான் வைக்கணும்னு காத்துக் கெடக்காவ. இது ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். பிலவேந்திரன்தான் தினமும் சொல்வானே. அதன் பிறகு கயல் பேசவில்லை. திட்டினேன், கெஞ்சினேன், அழுதேன். ஊரிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். அவர்கள் கேட்பார்களா? ஐந்து பேர் கதவைத் தட்டினால் யாருக்கு மனசு வரும் திறக்காமல் இருக்க?

நாள் 149. தெரியவில்லை, காலையாக இருக்கும்

எழுத்து கோணுகிறது. தூங்கி எழுந்தபோது செய்தி விளக்கு எரிந்தது.

"வடிவக்கா. கப்பலத் திருப்பிட்டோம். எண்ணெய் இதோட சரி, இனி ஊரு கெடையாது. அஞ்சு பேரும் பேசித்தான் முடிவெடுத்தோம். பிள்ளைக்கு மேரின்னு வைக்கச் சொல்லிட்டேன். பொட்டலத்த ஆறாப் பிரிச்சா கொஞ்ச நாளு ஓடும். இருங்க, வாறோம். கோவம் இருக்கு, வந்து பேசிக்கிடுதேன்."

அழுதேன்.

நாள்

ஆறு தட்டு எடுத்து வைத்தேன். கயல் இன்னும் வரவில்லை. வழியில் இருக்கலாம். பொட்டலம் தீர்ந்திருக்கலாம். பசி தாங்கவில்லை, தொட்டி நிறைய மாவு. தின்றுகொண்டேதான் எழுதுகிறேன். நிறுத்த முடியவில்லை

கண்டெடுப்பவரே, கதவைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டீர்களா? அப்படியானால் எதையும் வாயில் வைக்காதீர்கள். ருசியாகத்தான் இருக்கும். ரொம்ப இனி