ஏழாம் நம்பர் பனியன்

சிங்காநல்லூர்,
21-5-95, ஞாயிறு.

அன்புத் தம்பி ரவிக்குமாருக்கு அக்கா பொற்கொடி எழுதுவது. எல்லையில் அந்தக் குளிரில் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

உன் மருமகன் தமிழ்வேந்தனின் கையை உடைத்துவிட்டார்கள். இடது கை. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் போய்விட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து, நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்ன வயதில் என்னை ‘நொட்டாங்கை, நொட்டாங்கை’ என்று தெருவெல்லாம் கேலி பண்ணுவாயே, அது அப்படியே அவனுக்கும் வந்திருப்பது உனக்குத் தெரியும். வாத்தியார் அடித்து அடித்து எழுதுவதை மட்டும் சோத்தாங்கைக்கு மாற்றினார். பந்தை யாராலும் மாற்ற முடியவில்லை. இடது கையால் எம்பிப் போடுகிறவனை மறிக்க ஒரு பையனுக்கும் தெரியாது என்று பஷீர் பெருமையாகச் சொல்வார். லேத் பட்டறை வைத்துக்கொண்டு, காலையில் நம் பையன்களுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுக்கிறாரே, அதே பஷீர்தான். அந்தக் கைதான் போனது.

பதறாமல் படி. முதலிலிருந்து சொல்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்தில் வருஷா வருஷம் கோடை லீவில் பள்ளிக்கூட டீம்களுக்கு டோர்னமெண்ட் நடக்கும். அங்கே செங்கோடன் என்று ஒருத்தர். நெல்லும் வாழையும் கண்ணுக்கெட்டின தூரம் அவருடையது, அது போதாதென்று சொந்தமாக ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அதன் டீமுக்கு அவர் மகன் கிருபாசங்கர்தான் கேப்டன். பேர்ப் பட்டியலைக் கொடுத்து சீல் வாங்கின மறுநாள் அந்தப் பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. பட்டியலில் பேரை மாற்ற முடியாது, ஆளை மாற்றலாம். லீவு டோர்னமெண்டுகளில் எல்லா ஊரிலும் நடக்கிற வேலைதான் இது. பேர் ஒருத்தன், ஆட்டம் இன்னொருத்தன்.

செங்கோடன் காரைப் போட்டுக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டார். “ஏனுங்க அம்மணி, பையனை ஒரு வாரம் அனுப்புங்க. புது ஷூ வாங்கித் தாரேனுங்க. பிளஸ் டூவுக்கு எங்க ஸ்கூல்லயே சேத்திக்கறேன்” என்றார். நம் தெருவில் நின்று அப்படி ‘ங்க’ போட்டுப் பேசியவரை அன்றுதான் பார்த்தேன், அதிலேயே எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. பஷீர் மட்டும், “வேண்டாமுங்க அக்கா. இவன் அடிக்கற பாயிண்ட் பூரா அந்தப் பையன் பேர்ல போயிருமுங்க” என்றார். “ஷூவும் பள்ளிக்கூடமும் வருதில்ல, போயிட்டு வரட்டும் உடுங்க” என்று சொன்னவள் நான்தான்.

ஆட்டக்காரப் பையன்களுக்கெல்லாம் செங்கோடன் வீட்டுக்குள் பந்தி நடந்திருக்கிறது. தமிழுக்கு மட்டும் மோட்டார் ரூமில் இலை. மகன் பேரில் ஆடலாம், மகன் வீட்டு நடையைத் தாண்டக் கூடாது. இதை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு ஃபைனலில் முப்பத்து நான்கு பாயிண்ட் போட்டிருக்கிறான். மறுநாள் பேப்பரில் ‘கிருபாசங்கர் அபாரம்’ என்று வந்தது.

கரூர், உடுமலை, கோபி என்று எல்லா டோர்னமெண்டிலும் நன்றாக ஆடின பையன்களில் இருபது பேரைப் பொறுக்கி, கோயமுத்தூரில் ஆல் ஸ்டார் மேட்ச் வைத்தார்கள். சென்னை விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருகிற மேட்ச். கண்ணில் பட்டுவிட்டால் சோறு, படிப்பு, பின்னால் ரயில்வேயிலோ பேங்கிலோ வேலை. பட்டியலில் ‘ஏழாம் நம்பர், கிருபாசங்கர்’ என்று இருந்தது. அது நம் பையன் ஆடின ஆட்டத்துக்குக் கிடைத்த இடம், ரவி.

போன பதினான்காம் தேதி காலையில் நானும் தமிழும் பஷீரும் கிரவுண்டுக்குப் போய், கமிட்டிக்காரர்களிடம் உள்ளதைச் சொன்னோம். செங்கோடன் அங்கேயே வெள்ளை வேட்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “இவனா? எங்க ஸ்கூல்ல பந்து பொறுக்க வந்தவன். பந்து பொறுக்கறவனுக்கெல்லாம் பனியன் கேக்குதா?” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை இந்தத் தாளில் எழுதமாட்டேன். நீயும் நானும் பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தைதான். வாசலுக்கு வந்தபோது போட்ட ‘ங்க’ எங்கே போனதோ! நானும் பதிலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். எங்களைக் கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள்.

பஷீர் மட்டும் நின்று மேட்ச் பார்த்தார். அம்மைத் தழும்போடு அந்தக் கிருபாசங்கர் ஏழாம் நம்பர் பனியனில் இறங்கியிருக்கிறான். கோபியில் தமிழிடம் தோற்ற பையன்கள் எதிர்ப்பக்கம். ஆள் மாறியிருப்பது அவர்களுக்குத் தெரியாதா? முழங்கையாலேயே பேசியிருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் மூக்கு உடைந்து, பனியன் முன்பக்கம் பூரா ரத்தமாக வெளியே வந்தானாம். கேட்டபோது என் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன்.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணி, வெயில்கூட இறங்கவில்லை. குளத்துக்கரை ரோட்டில் தமிழ் சைக்கிளில் வந்தபோது ஒரு ஜீப் மறித்தது. மூன்று பேர். ஒருத்தன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். ஒருத்தன் கையை இழுத்து மைல்கல்லின் மேல் நீட்டிப் பிடித்தான். ஒருத்தன் ஜாக்கி லீவரால் அடித்தான், நான்கு அடி. எந்தக் கை என்று அவனிடமே கேட்டார்களாம். அந்த மடையன் சொல்லியிருக்கிறான். ‘பொய் சொல்லத் தெரியாதாடா உனக்கு?’ என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

போலீஸில் ‘அடையாளம் தெரியாத மூவர்’ என்று எழுதி மூடிவிட்டார்கள். உன் மச்சான் லாரியை நிறுத்திவிட்டு வந்து, பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு அப்படி உட்கார முடியவில்லை. ரவி, லீவு போட்டுவிட்டு வா. அப்பா வாழைத்தோப்பு வேலைக்கு வைத்திருந்த கொடுவாளைப் பரணிலிருந்து எடுத்து, துருவைத் தேய்த்து, எண்ணெய் பூசி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்தச் செங்கோடனுக்கு மணிக்கட்டுக்குக் கீழே கை இருக்கக் கூடாது. நீ என் கூடப் பிறந்தவன் என்றால் வா.

நீ வரும் வழியைப் பார்த்திருக்கும்,
அக்கா பொற்கொடி.

உறை மேல் இங்கிலீஷ் விலாசம் வழக்கம்போல் தமிழ்தான் எழுதித் தருகிறான். நல்லவேளை, எழுதுகிற கையாவது மிஞ்சியது.


சிங்காநல்லூர்,
11-6-95, ஞாயிறு.

என் உயிர்த் தம்பி ரவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருபதாம் தேதி இறங்கி, வீட்டுக்கு வராமல் நேராகக் கோபிக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். ‘நீ கேட்டதைச் செய்துவிட்டுத்தான் உன் கையால் சோறு தின்பேன்’ என்று எழுதியிருக்கிறாய். கூப்பிட்டவள் நான். அதே நான் சொல்கிறேன், வேண்டாம். தந்தியும் கொடுத்திருக்கிறேன். தந்தியில் இவ்வளவையும் சொல்ல முடியாது, அதனால் இதை முழுக்கப் படி.

முன் கடிதத்தில் ஒன்றை விழுங்கிவிட்டேன். ‘பதிலுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்’ என்று எழுதினேனே, வாயால் கொடுக்கவில்லை. அந்த வார்த்தை செங்கோடன் வாயிலிருந்து விழுந்ததுமே குனிந்து செருப்பைக் கழற்றி, அத்தனை பேர் நடுவில் அவர் கன்னத்தில் இரண்டு வைத்தேன். என் நொட்டாங்கையால். அவர் கண்ணாடி தெறித்துப் போய் விழுந்தது. நானும் தமிழும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தோம். “அம்மா, இன்னொரு தடவை செஞ்சு காட்டும்மா” என்றான். நடு பஸ்ஸில் செய்தும் காட்டினேன், பாவி. இதை உனக்கு எழுதினால் ‘நீதானே ஆரம்பித்தாய்’ என்று கேட்டுவிடுவாயோ என்று மறைத்தேன்.

ரோட்டில் அவனிடம் என்ன கேட்டார்கள் என்பதை தமிழ் பஷீரிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். பத்து நாள் கழித்து பஷீர் என்னிடம் சொன்னார். அவர்கள் பந்து போடுகிற கையைக் கேட்கவில்லை, ரவி. “உங்காத்தா செருப்பெடுத்தது எந்தக் கைடா?” என்று கேட்டிருக்கிறார்கள். இவன் ‘இடது கை’ என்று சொல்லியிருக்கிறான். சோத்தாங்கை என்று சொல்லியிருந்தால் அதை உடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பந்து போடுகிற கை தப்பியிருக்கும். ஏன்டா சொன்னாய் என்று பஷீர் கேட்டதற்கு, “எங்கம்மா அடிச்ச கையை மாத்திச் சொல்ல மனசு வரலீங்கண்ணா” என்றானாம்.

அடித்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அந்த வார்த்தைக்கு அந்தச் செருப்பு சரிதான். ஆனால் வாங்கினது நான் இல்லையே. அந்த நான்கு அடியும் என் கையில் விழுந்திருந்தால் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். மில்லில் நூல் சுற்றுகிற கோன் மெஷின் முன்னால் நின்று, இந்த நொட்டாங்கையைப் பார்த்துப் பார்த்து அழுகிறேன்.

இது இதோடு முடியவில்லை. விலாசம் எழுதக் கொடுத்தேன் பார், அந்தக் கடிதத்தை அவன் பிரித்துப் படித்திருக்கிறான். கொடுவாள் இருந்த இடத்தை நானே எழுதி அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் கிருபாசங்கர் தனியாக ஒரு மொபெட்டில் வந்தான். உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்தான். கையில் ஒரு தாளும் அந்த ஏழாம் நம்பர் பனியனும் இருந்தன. கோபியில் ஆடினது தான் இல்லை, தமிழ்வேந்தன்தான் என்று மாவட்டச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம், அதன் நகல் அந்தத் தாள். “தமிழு, பனியன் உன்னுதுதான். அப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேன், அறைஞ்சு போட்டாரு” என்றான். நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே திரும்பினேன். அவ்வளவுதான்.

தமிழ் தன் விளையாட்டுப் பையிலிருந்து கொடுவாளை உருவிவிட்டான். பந்துக்கும் ஷூவுக்கும் நடுவில் அத்தனை நாளாக அதை வைத்திருந்திருக்கிறான். சோத்தாங்கையால் ஓங்கி வீசினான். அந்தப் பையன் பனியனோடு கையைத் தூக்கி மறித்தான். பனியன் கிழிந்து, அதற்குக் கீழே முழங்கை வரைக்கும் சதை பிளந்துவிட்டது. சுவரெல்லாம் ரத்தம். கீழே விழுந்தவனின் கழுத்துக்கு நேராக இரண்டாம் தடவை ஓங்கினான், ரவி. அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் என் பையன் இல்லை. செருப்பெடுத்தபோது நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். ஆனால் என் கையில் செருப்புத்தான் இருந்தது.

கத்தினேன், கேட்கவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. வேறு வழி தெரியாமல் அவனுடைய கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினேன். உடைந்த கையை. பெற்ற தாய் நான், என் இரண்டு கையாலும் முறுக்கினேன். மாடு மாதிரி அலறிக்கொண்டு கொடுவாளைக் கீழே போட்டான்.

கிருபாசங்கருக்குப் பதினொரு தையல். மொபெட்டோடு தகரத்தில் விழுந்துவிட்டதாக டாக்டரிடம் சொன்னான். வீட்டிலும் அதையே சொல்லப்போவதாகச் சொன்னான். பஷீர் வண்டியில் ஏற்றும்போது, “அக்கா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. தமிழை ஆடச் சொல்லுங்க” என்றான். அந்த வீட்டிலிருந்து ஒரு காரியமும் இல்லாமல் ‘ங்க’ போட்டுப் பேசினவன் அவன் ஒருத்தன்தான். அவன் மூக்கு உடைந்தபோது வயிறு குளிர்ந்தவள் நான்.

சங்கத்தில் பஷீரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். பேர் மாற்றி ஆடின குற்றத்துக்கு இரண்டு பையன்களுக்கும் மூன்று மாதம் தடை. அக்டோபரில் மாநிலத் தேர்வுக்குத் தமிழ் தன் சொந்தப் பேரிலேயே வரலாம். சென்னைக்காரர்கள் அங்கேயும் வருவார்கள். இடது கை பழைய மாதிரி வளையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பஷீர் சோத்தாங்கையால் போடப் பழக்குகிறார். நூறு போட்டால் முப்பது விழுகிறது.

இப்போது நீ கோபிக்குப் போய்ச் செங்கோடனை வெட்டினால் என்ன ஆகும் என்று யோசி. போலீஸ் முதலில் வருவது இந்த வீட்டுக்கு. சுவரில் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. கிருபாசங்கரின் தையலுக்குக் காரணம் கேட்பார்கள். அப்பனை வெட்டின பிறகு அந்தப் பையன் எதற்காக நம்மைக் காப்பாற்ற வேண்டும்? உனக்கு வேலை போகும், ஜெயில். பிளேட் வைத்த கையிலும் விலங்கு விழும். செங்கோடனை நான் மன்னிக்கவில்லை. சாகும்வரை மன்னிக்கமாட்டேன். கை உடைந்த கேஸை மறுபடியும் எடுக்க வக்கீல் ஒருத்தரைப் பார்த்திருக்கிறோம், அது மெதுவாக நடக்கட்டும். கொடுவாளை பஷீர் பட்டறையில் மூன்று துண்டாக அறுத்துவிட்டார். என் முதல் கடிதத்தையும் நீ கிழித்துப்போடு.

தாய்மாமன் வெறுங்கையோடு வாசல் ஏறக் கூடாது என்பது நம் வழக்கம். காதுகுத்துக்கு, பத்தாவது பாஸானதற்கு, ஒவ்வொரு லீவுக்கும் அவனுக்கு ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாய். இந்த ஒரு தடவை எதையும் கொண்டுவராதே. தினமும் விடிந்ததும் கிரவுண்டில் அவன் போடுகிற பந்தை எடுத்து எடுத்துக் கொடுக்க இரண்டு கை வேண்டும். நான் போனேன். நான் பக்கத்தில் போனாலே கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறான், ரவி.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். ரயிலை விட்டு இறங்கி நேராக வீட்டுக்கு வாடா சாமி. வெறுங்கையோடு வா.

உன் அக்கா,
பொற்கொடி.

விலாசம் எழுதியது பஷீர்.