வரப்பு தெரிந்த படம்

ஐப்பசி 9, செவ்வாய்

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஸ்கேனுக்கு வந்த அந்தப் பெண் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள்.

வயிறு வீங்கியிருந்தது. வாயு என்று நினைத்து மாதக்கணக்கில் கஷாயம் குடித்திருக்கிறாள். சினைப்பையில் பெரிய கட்டி. உள்ளே நீர், நடுவில் தடித்த தடுப்புகள். சாதாரண நீர்க்கட்டியில் இப்படி இருக்காது. புற்றாகத்தான் இருக்கும்.

அவள் திரையைப் பார்த்துச் சிரித்தாள். “தண்ணி கட்டின வயல்ல வரப்பு போட்ட மாதிரி இருக்கே டாக்டரம்மா.”

உடனே அட்மிட் ஆகச் சொன்னேன். புருஷன் தலையாட்டினான். அவள்தான் மறுத்தாள்.

“கவர்மெண்டு குடுத்த நெலங்க. பழைய பண்ணைக்காரங்க திருப்பிக் கேட்டு கேஸ் போட்டிருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் இங்க இருந்தா அவங்க ஆளுங்க எறங்கி நட்டுட்டு நெலம் எங்களதுன்னுடுவாங்க. தை அறுப்பு முடிஞ்சதும் வந்துடறேங்க. அதுவரைக்கும் தாங்கும்ல?”

தாங்காது என்றேன்.

அவள் புருஷனிடம், “அப்ப நடவையாவது முடிச்சுக் குடுத்துடறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவன் அங்கேயே நின்று அழுதான். அவள்தான் அவனைக் கையைப் பிடித்து பஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள்.

இப்போது மழை பிடித்திருக்கிறது. விடிந்ததும் அவள் வயலில் இறங்கிவிடுவாள்.