சேந்தன் அனுப்பிய ஹெல்மெட்டும் என் மூச்சும்

அப்புத்தளை
9.11.2003

அன்பு மகன் சேந்தனுக்கு,

கந்தன் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். ரொறன்ரோவில் குளிர் தொடங்கிய பின்னும் நீ சுகமாயிருக்கிறாய் என்று அறிந்தால் எங்கள் சுகம் முழுமையாகும். நீ அனுப்பிய ஹெல்மெட் மிகவும் நல்லது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதுவதை வாசித்து நீ மனம் வருந்துவாயோ என்று ஏற்கனவே இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். முகம் முழுவதும் மூடுவதால் அதன் கண்ணாடியில் உள்ளே ஆவி படிகிறது. பிழை ஹெல்மெட்டில் இல்லை, என் மூச்சில்தான் இருக்கவேண்டும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல அம்மாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு கொஸ்லந்தவில் உன் தங்கச்சி தயானி வீட்டுக்குப் புறப்பட்டேன். வெளியே பனிமூட்டம், உள்ளே ஆவி. முன்பு சோதனைச்சாவடி இருந்த வளைவில் ஓர் உருவம் கையை உயர்த்தியதுபோல் தெரிந்தது. சாவடியை எடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்பது எனக்குத் தெரியும், என் கைகளுக்குத் தெரியவில்லை. இறங்கி, அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டி, மகள் வீட்டுக்குப் போகிறோம் என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னேன். அது மரக்கறி விற்கும் பெரியாயி, கடைக் கூரைப் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோ நல்லா இருக்குங்க ஐயா. சரி, விட்டுட்டேன், போங்க. போறப்ப ஒரு கோவா வாங்கிட்டுப் போங்க" என்றார். வாங்கினேன். அந்த முட்டைக்கோவாவை மடியில் வைத்தபடி வந்த அம்மா தயானியின் வாசலில் இறங்கியதும், "இனி உங்களோட ஏறமாட்டன். பிள்ளைக்கு எழுதி இந்தச் சனியனை விக்கச் சொல்லப்போறன்" என்றார். அதன்பின் மூன்று வெள்ளி, முழங்கால் நோவுடன் பஸ்ஸில் நின்றபடி போனார். நான் தனியாக மோட்டார் சைக்கிளில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிப்போனேன். அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவை மீண்டும் ஏற்றவேண்டுமானால் ஆவியை நிறுத்தியாகவேண்டும். உருளைக்கிழங்கை வெட்டி உட்புறம் தேய்த்தேன், வெள்ளைக் கோடுகள் விழுந்தன. சவர்க்காரத்தை மெல்லப் பூசிக் காய்ந்த துணியால் துடைத்தபோது நன்றாகத் தெரிந்தது, ஆனால் தூறல் உள்ளே புகுந்து நுரைத்துக் கண் எரிந்தது. கூடப் பூசிவிட்டேனோ என்னவோ. கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்தும் பார்த்தேன், குளிரில் கண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் திகதி போட்டுக் கொப்பியில் எழுதினேன். நேர் வீதியில் ஆவி இல்லை, வளைவுகளில் மட்டும் படிந்தது. இது எந்த விஞ்ஞானத்துக்கும் பொருந்தாததால் என் கொப்பியையே சந்தேகித்து அம்மாவிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "வளைவுக்கு வளைவு கதிர்காமக் கந்தா எண்டு ஊதினால் கண்ணாடி என்ன செய்யும்? வாயை மூடிக்கொண்டு ஓடுங்கோ" என்றார். நான் மனதுக்குள் சொல்வதாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கந்தனைக் கூப்பிடாமல் ஓட எனக்குத் துணிவில்லை என்று உண்மையைச் சொன்னேன். கொப்பியை மூடிவைத்து, "அப்ப நான் கூப்பிடுறன்" என்றார்.

முந்தாநாள் என் பழைய, முகம் மூடாத ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். நான் வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டேன். கண்ணாடி பளிச்சென்றிருந்தது. அப்போதுதான் வீதியோரப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று முதன்முதலாகக் கண்டேன். நல்லவேளையாக அம்மா எழுபத்திரண்டு வளைவிலும் உரக்கக் கூப்பிட்டார், தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கொஸ்லந்த வந்தபோது அவர் தொண்டை கட்டிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸா என்று பயந்து பயந்து கேட்டேன். பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டி மறுத்து, எனக்கு முன்னரே ஏறி இருந்துவிட்டார். வரும் வழியில் வளைவுக்கு வளைவு என் முதுகில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

கந்தன் உனக்கு நீண்ட ஆயுளும் தெளிந்த பார்வையும் தரட்டும். தொலைபேசி எடுக்கும்போது கோவா பற்றி அம்மாவிடம் கேட்காதே.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
வே. பத்மநாதன்