லொஸ்ட்

1943 ஆவணி, வெள்ளி.

துறைமுகக் கந்தோரில் இங்கிலீசுக் கடிதங்களைத் தமிழில் சொல்வது என் வேலை. இன்று நாகம்மா ஒரு கடிதத்தோடு வந்தாள். அவளுடைய புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பலும் ஆட்களும் 'லொஸ்ட்' என்று கடிதத்தில் இருந்தது. தொலைதல், தோற்றல், வழி தவறுதல், மாளுதல் என்று அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள்! அவள் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தேன்.

"கப்பல் வழி தவறிப்போச்சாம், பிள்ளை."

"அப்ப திரும்பி வருவார்தானே, ஐயா?"

"ஓம்."

எதற்காக அப்படிச் சொன்னேன்? வீட்டுக்கு வந்து பெரிய அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லின் ஆதி வேருக்கு அழிவு என்றுதான் பொருளாம். அகராதி பார்க்காமலே எனக்குத் தெரிந்ததுதான்.

பொழுதுபட நாகம்மா வாசல் படலையில் வந்து நின்றாள். வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாளாம். மஞ்சள் துணியையும் ஒரு காசையும் என்னிடம் நீட்டினாள்.

"நல்ல வார்த்தை சொன்னனீங்கள், ஐயா. உங்கட கையாலேயே முடிஞ்சு தாங்கோ."

முடிந்து கொடுத்தேன்.

விடிய அவள் கைக்குழந்தையோடு வெருகலுக்கு நடக்கத் தொடங்குவாள். அதற்கு முன் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். காசு விழுந்துவிடக் கூடாதென்று முடிச்சை இறுக்கியல்லவா போட்டேன்.