தொண்ணூற்றொன்பது டிகிரிக்குள் கால்பந்து

24 ஜூன் 1957, திங்கள்

கல்லூரி திறந்தது. வாசல் பலகையில் ஒட்டியிருந்த முதல் அறிவிப்பே எனக்கு வெட்டிய குழி. ஃபுளூ ஜுரம் பரவுவதால் மறு உத்தரவு வரும்வரை விளையாட்டுகள் கிடையாதாம். வகுப்புகள் உண்டு. ஒரு பெஞ்சில் ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம். வெட்டவெளியில் பந்து உதைக்கக் கூடாது. யாருக்கு உதித்த யோசனையோ!

என் பதவிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் மொனித்தேர். மற்ற ஊர்களில் டிரில் மாஸ்டர் என்பார்கள். புதிய நிர்வாகத்தில் அப்படி ஒரு பதவியே இல்லையாம். ஆகஸ்டு முடிய நீட்டித்திருக்கிறார்கள். "அதுக்கு மேல வேலை இருந்தா பாக்கலாம் முசே" என்கிறார், 'ஐயா'வுக்குப் பதில் இன்னும் பிரெஞ்சில் முசே போடும் தலைமைக் குமாஸ்தா இராமதாஸ். ஜூலை பதினாலாம் தேதி கடலூர்க் கல்லூரியோடு கோப்பைப் பந்தயம். அது நடந்தால் எனக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். நடக்காவிட்டால் நான் வீட்டில் இருக்கிறேன் என்று அர்த்தம்.

ஜெயத்திடம் சொன்னேன். "வூட்ல இருந்தா மாவாட்டிக் குடுங்க" என்றாள். என் மனைவியின் ஆறுதல் எப்போதும் இந்த வகைதான்.

27 ஜூன்

விளையாட்டைத் திரும்பத் தொடங்கலாமா என்று ஆராயக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். முதல்வர், துணை முதல்வர் ஜானகிராமன், ரசாயன ஆசிரியர், நூலகர், இன்னும் இரண்டு பேர். நான் இல்லை! ஏன் என்று கேட்டேன்.

"நீங்க சம்பந்தப்பட்டவர். நடுநிலையா இருக்க மாட்டீங்க" என்றார் ஜானகிராமன்.

ரசாயன ஆசிரியருக்கும் கால்பந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் தகுதி போலிருக்கிறது.

ஜானகிராமன் சென்னையிலிருந்து வந்தவர், கணிதம். யூகலிப்டஸ் தைலத்தில் நனைத்த கைக்குட்டையை மூக்கில் கட்டியிருக்கிறார். பேசும்போது கழற்றிவிடுகிறார். தும்மும்போதும் கழற்றிவிடுகிறார், கைக்குட்டை பாழாகிவிடுமாம்.

29 ஜூன், சனி

கமிட்டி கூடியது. கடற்காற்றில் கிருமி வரும் என்று எல்லா ஜன்னல்களையும் சாத்திக்கொண்டு கூடினார்கள். நான் வெளியே நின்றேன். உள்ளே ஒரே இருமல். சாயங்காலம் வரை பேசி எடுத்த முடிவு: மறுபடியும் கூடுவது.

திரும்பும்போது உப்பளம் மைதானத்தில் நம் பையன்கள் தாங்களாகவே ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனுக்கும் சளிகூட இல்லை. கோல் கம்பங்களுக்கு நடுவே கோவிந்தராசு. வைத்திக்குப்பத்துப் பையன், வலை இழுத்துப் பழகிய கை. அந்தக் கையில் விழுந்த பந்து திரும்பிப் போகாது. நான் பார்க்காதது மாதிரி பார்த்துவிட்டு வந்தேன்.

2 ஜூலை

முதல்வர் ஜுரத்தில் படுத்துவிட்டார். நூலகரும்.

3 ஜூலை

மிச்சமிருந்த கமிட்டி கூடியது. ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. ஜானகிராமன் ஆபத்தில்லாத கால்பந்துக்கு ஒரு திட்டம் தயாரித்திருக்கிறார். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் நெருங்கக் கூடாது. பந்து வெளியே போகும்போதெல்லாம் பினாயிலில் கழுவ வேண்டும். கோல் போட்டவனைக் கட்டிப்பிடிக்கக் கூடாது. கத்தக் கூடாது.

கதவோரம் நின்று கேட்டேன்: "கிட்டப் போகாம எதிராளி கால்லேருந்து பந்த எப்படிங்க எடுக்கறது?"

கொஞ்சம் யோசித்தார். "கேட்டு வாங்கலாமே" என்றார்.

கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே விதி: உடல் சூடு தொண்ணூற்றொன்பது டிகிரிக்கு மேல் உள்ள எவரும் ஆடக் கூடாது. மற்றபடி விளையாட்டை நடத்துவதா வேண்டாமா என்பதை முதல்வரின் முடிவுக்கு விட்டுவிட்டார்கள். முதல்வர் போர்வைக்குள் இருக்கிறார்.

5 ஜூலை

ஜானகிராமன் வரவில்லை. மற்ற கமிட்டிக்காரர்களும் வரவில்லை. கைக்குட்டை மட்டும் மேசைமேல் கிடக்கிறது.

8 ஜூலை, திங்கள்

இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது, கூடவே பயமும் வருகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் அவர்களுடைய ஒரு வழக்கம் இந்த ஊர் அலுவலகங்களை விட்டுப் போகவில்லை. எந்த நாற்காலியும் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது. பெரியவர் வராவிட்டால் சர்வீஸில் அடுத்தவர் அந்தேரிமாக உட்கார வேண்டும், அதாவது தற்காலிகப் பொறுப்பு. இராமதாஸ் மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். படுக்கை, படுக்கை, விடுப்பு, படுக்கை. அப்புறம் நான்.

முத்திரையை எடுத்துக்கொண்டு என் பந்து அறைக்கு வந்தார். "முசே தணிகாசலம், இன்னிலேருந்து நீங்கதான் பிரின்சிபால்."

"என்னங்க கிண்டலா?"

"ரூலு எங்க முசே கிண்டல் பண்ணும்?"

வீட்டில் சொன்னதும் ஜெயம் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

9 ஜூலை

காலையில் முதல் வேலையாக, விளையாட்டு உடனே தொடங்கட்டும் என்று உத்தரவு போடப் பேனாவை எடுத்தேன். இராமதாஸ் கையைப் பிடித்துக்கொண்டார். முதல்வர் தானாக உத்தரவு போட முடியாதாம். முதலில் மொனித்தேர் மனு கொடுக்க வேண்டுமாம்.

எழுந்து பந்து அறைக்குப் போனேன். "பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு" என்று தொடங்கி உருக்கமாக எழுதினேன். பியூன் கலியபெருமாள் அதை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தைச் சுற்றிப் போனான். அவனுக்கு முன்னால் நான் குறுக்கே ஓடி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஐயா, டிரில் மாஸ்டர் ஒரு மனு குடுத்தாரு" என்று நீட்டினான். முகத்தில் ஒரு சிரிப்பு? கிடையாது.

படித்தேன். கெஞ்சல் கொஞ்சம் அதிகம்தான். அன்றைக்கே அனுமதித்தால் சலுகை காட்டியதாகப் பேசுவார்கள் என்று இராமதாஸ் சொன்னதால் பரிசீலனையில் வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, நாளைக்கு அனுமதி கிடைக்குமா கிடைக்காதா என்று கவலையாக இருக்கிறது. எனக்கு என்ன ஆகிவிட்டது?

10 ஜூலை

அனுமதித்தேன்! பந்தயம் உண்டு. தொண்ணூற்றொன்பது டிகிரி விதி மட்டும் அப்படியே இருக்கும், ஆடுவதற்கு முன் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து சூடு பார்ப்பார். முதல்வருக்கு மொனித்தேர் ஒரு நன்றிக் கடிதம் எழுதுவதுதான் முறை என்றார் இராமதாஸ். எழுதினேன். இரண்டு நாற்காலியிலும் எனக்கு ஒரே சந்தோஷம்.

பையன்களைக் கூட்டிச் சொன்னேன்: "எவனாவது ஜுரம் கிரம்னு வந்து நின்னீங்க, டீம்ல எடம் கெடையாது." சிரித்தார்கள்.

12 ஜூலை

மூன்று பேர் பயிற்சிக்கு வரவில்லை. மாமா வீட்டுக் கல்யாணமாம். மூன்று பேருக்கும் ஒரே மாமாவா?

14 ஜூலை, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். பிரெஞ்சுப் பண்டிகை நாள் என்பதால் பென்ஷன் சிப்பாய்கள் மெடல்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடலூர்க்காரர்கள் பஸ்ஸில் ஒன்பது பேர்தான் வந்து இறங்கினார்கள். மற்றவர்களுக்கு அங்கேயும் மாமா வீட்டுக் கல்யாணம் போலிருக்கிறது.

நர்ஸ் சொர்ணம் தெர்மாமீட்டரோடு வந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் பிரெஞ்சுக் கணக்குத் தெர்மாமீட்டர்தான். அதில் நல்ல உடம்புக்கு முப்பத்தேழு. இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். விதியை எழுதிய ஜானகிராமனுக்குத்தான் தெரியாது, அவர் சென்னையின் பாரன்ஹீட் கணக்கில் தொண்ணூற்றொன்பது என்று எழுதிவிட்டார்.

முதலில் சுப்ரமணி. "முப்பத்தொம்பது" என்றார் சொர்ணம்.

இராமதாஸ் உத்தரவைப் பார்த்தார். "தொண்ணூத்தொம்பதுக்குக் கீழ. ஆடலாம்."

அடுத்தவன் முப்பத்தெட்டரை. ஆடலாம். அதற்கடுத்தவன் முப்பத்தொன்பதரை. தாராளமாக ஆடலாம். கோவிந்தராசு நாற்பது.

"ஆடலாம்" என்றார் இராமதாஸ்.

சொர்ணத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, இந்தக் கண்ணாடியில நாப்பத்திரண்டுக்கு மேல கோடே கெடையாது. ஒங்க கணக்குப்படி பொணங்கூட எழுந்து வந்து ஆடலாம்!"

"உத்தரவுல எந்தக் கணக்கு டிகிரின்னு போடலியே அம்மா. மாத்தணும்னா கமிட்டி கூடணும்."

பதினொரு பேரில் ஏழு பேருக்கு ஜுரம்.

எனக்கு நாற்பது என்றால் என்னவென்று தெரியாதா? தெரியும். ஆனால் விதி இடம் கொடுக்கிறது, தாள் சுத்தமாக இருக்கிறது, நாளைக்கு எவனும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. ஒன்றரை மணி ஆட்டம். அது முடிந்தால் என் வேலை நிலைத்துவிடும். நான் விசிலை ஊதினால் போதும். ஊதலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

கோவிந்தராசு கையைப் பிடித்தேன். கொதித்தது.

"ஏன்டா சொல்லல?"

"நீங்கதான சார் ஜுரம்னா டீம்ல எடம் இல்லன்னீங்க?" அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மேட்ச் நடக்கலன்னா ஒங்க வேல பூடுமாமே சார். அதான் பசங்க எல்லாம் எப்பிடியாவது ஆடிடலாம்னு..."

அடப்பாவிங்களா. எனக்காகவாடா? எவன்டா ஒங்கள கேட்டான்?

இராமதாஸிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். பந்தயம் ரத்து, ஜுரம் ஓயும்வரை எல்லா விளையாட்டும் நிறுத்தம் என்று எழுதினேன்.

"இதுக்கும் மொனித்தேரோட மனு வேணுமே முசே" என்றார்.

"மொனித்தேரக் கேக்கவேணாம். அவன் ஒத்துக்க மாட்டான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டத்திலிருந்து மண்ணை வாரி எறிந்தார்கள். ஒரு பழைய செருப்பும் வந்தது. நாங்கள்தான் ஜெயித்தோம் என்று கடலூர்க்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். போகட்டும்.

15 ஜூலை

என்ன மனுஷன் அந்த பிரின்சிபால்! என் பொழப்புல மண்ணப் போட்டுட்டான்.

17 ஜூலை

எனக்கும் வந்துவிட்டது. சொர்ணம் முப்பத்தொன்பது என்கிறார், பக்கத்துத் தெரு டாக்டர் நூற்றிரண்டு என்கிறார். எந்தக் கணக்கிலும் எழுந்திருக்க முடியவில்லை.

20 ஜூலை

கலியபெருமாள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். இராமதாஸும் படுத்துவிட்டாராம்.

"அப்ப யார்ரா நாற்காலியில?"

"நான்தாங்க ஐயா" என்றான் வெட்கத்தோடு. "ஒண்ணும் புரியலீங்க. வர்றதுக்கெல்லாம் கையெழுத்து போட்டுடறேன்."

எங்கள் முதல்வரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

2 ஆகஸ்டு

எழுந்து நடக்கிறேன். சுப்ரமணிக்கு ஜுரம் நிமோனியாவாகி ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போதுதான் பிழைத்திருக்கிறான். பார்க்கப் போனேன். "அன்னிக்கி மட்டும் ஓடியிருந்தான்னா..." என்று தொடங்கிய சொர்ணம், அவன் அம்மா வருவதைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். கோவிந்தராசு கஞ்சி குடிக்கிறானாம்.

31 ஆகஸ்டு, சனி

உத்தரவு வந்தது. இந்தப் பருவத்தில் விளையாட்டு எதுவும் நடைபெறாததால் மொனித்தேர் பதவி தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டதாம். அதற்கு ஆதாரம், அந்தேரிம் முதல்வர் ஜூலை பதினாலாம் தேதி போட்ட உத்தரவு. நகலையும் இணைத்திருக்கிறார்கள். கையெழுத்து தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது.

ஜானகிராமன்தான் கொடுத்தார். உடம்பு தேறிவிட்டது. "ஆனா அன்னிக்கு நீங்க எடுத்தது ரொம்ப சரியான முடிவு சார்" என்று கை குலுக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். சட்டையைக் கழற்றும்போது அழுகை வந்துவிட்டது. பதினாறு வருஷம். ஜெயம் சட்டையைக் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள்.

9 செப்டம்பர்

மில்லில் சேர்ந்துவிட்டேன். காலை ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கு வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலை. ஓடுவதற்கு இடமில்லை.

17 நவம்பர், ஞாயிறு

கடலூர்க்காரர்களோடு பந்தயம் இன்றைக்கு நடந்தது. சென்னையிலிருந்து புதிதாக வந்திருக்கும் டிரில் மாஸ்டர் வெள்ளை பேண்ட்டில் நின்றார். நான் கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன். மழை பெய்து தரையெல்லாம் சேறு. கோவிந்தராசு இன்னும் இளைத்துத்தான் இருக்கிறான். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற பந்துகளை விட்டான். சுப்ரமணி பத்து அடி ஓடினால் நின்று மூச்சு வாங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயம் கேட்டாள்.

"என்னா ஆச்சு?"

"தோத்துட்டோம். மூணு கோலு."

"பசங்க எல்லாரும் ஆடுனாங்களா?"

"பதினொரு பேரும்."

"அப்புறம் என்னா? கால கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றாள்.