வெள்ளைக் கோட்டில் போன கேசட்

உன் மகள் அனுப்பிய தபால் நேற்றுக் காலை வந்தது. பழுப்பு உறை, உள்ளே எட்டாக மடித்த ஒரு ப்ளூ பிரிண்ட். மேஜையில் விரித்ததும் அமோனியா வாடை மூக்கில் ஏறியது. இத்தனை வருடம் கழித்து அந்தத் தாளில் வாடை இருக்க வழியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஏறியது. பஹ்ரைனில், மனாமாவில் நாம் இருவரும் டிராஃப்ட்ஸ்மேன்களாக முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்த அறையும், மூலையில் கண்ணை எரிக்கும் பிரிண்ட் மெஷினும், அதன் முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற நீயும் என எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. "அப்பா போன மாதம் தவறிவிட்டார். இதை உங்களிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார்" என்று உன் மகள் ஒரு சீட்டில் எழுதியிருந்தாள்.

கடைசியில் ஒரு பொருளையாவது சொன்னபடி என் கைக்குச் சேர்த்துவிட்டாய். அதற்கு நீ சாக வேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்தவரிடம் என்ன கோபம் என்று என் மனைவி கேட்கிறாள். உயிரோடு இருந்தபோதும் உன்னிடம் நான் கோபப்பட்டு முடித்ததில்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்ல? நாற்பது வருடமாகக் கடிதம் போடாதவன் இப்போது எழுதுகிறேன். நீ பதில் சொல்லித் தப்பிக்க முடியாது என்பது ஒரு வசதி.

எழுபத்தைந்தில் நம் கம்பெனிக்கு ஆலோசனைக்கு வந்திருந்த அந்த பிரெஞ்சு இன்ஜினியர் உனக்கு நினைவிருக்கும். அவர்தான் ஆரம்பம். மதிய இடைவேளையில் தன் ஊர்ப்பக்கத்து சாலை வரைபடத்தை நம் டிராயிங் போர்டில் விரித்துப் போடுவார். பர்கண்டிப் பக்கம், ஒரு கால்வாய்க்கரையில் அவர் கிராமம். "சிவப்புக் கோடு லாரிக்காரனுக்கு, மஞ்சள் கோடு அவசரக்காரனுக்கு, வெள்ளைக் கோடு சைக்கிள்காரனுக்கு" என்பார். வரைபடத்தில் வெள்ளையாக ஓடும் மெல்லிய சாலைகளில் ஒரு நாளைக்கு ஒரு லாரி வந்தால் அதிகமாம். வேலை முடிந்து ஊர் திரும்பியபோது அந்த வரைபடத்தை நம்மிடமே விட்டுப் போனார். "என் தானியக் கொட்டகையில் இரண்டு சைக்கிள் சும்மா நிற்கிறது. இரண்டு பேரும் வாருங்கள்" என்றார். இரண்டு பேரும் என்றார். இந்த வார்த்தையை நான் இத்தனை வருடமாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு ஒத்திகையாகத்தானே நாம் வெள்ளிக்கிழமைகளில் புதய்யா சாலையில் போக ஆரம்பித்தோம். சூக் கடைத்தெருவில் வாங்கிய இரண்டு கறுப்பு சைக்கிள்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவோம். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பேரீச்சந்தோப்பு, அடியில் மாட்டுத் தீவனப் பச்சை, வாய்க்காலில் ஊற்றுத் தண்ணீர். நீ பெடலை மிதித்தால் யாரோ துரத்துவது போல மிதிப்பாய். நான் பின்னாலிருந்து கத்துவேன்.

"டேய், மெதுவாப் போறதுக்குத்தான்டா சைக்கிள்."

"மெதுவாப் போறதுக்குக் கழுதை வண்டி இருக்கு மாப்ளே" என்று மதுரைக் குரலில் திருப்பிக் கத்துவாய்.

எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது அதைச் சொல்லவே நாக்கு கசக்கிறது, ஆனால் பிடித்திருந்தது. அந்தத் தீவில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

பிறகு அந்தப் பாதையை நான் வரைந்தேன். பதினாலு நாள் பயணம், ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கிடையாது, முழுக்க வெள்ளைக் கோடுகளில். டிரேசிங் தாளில், ஸ்டென்சில் வைத்து ஊர்ப்பெயர் எழுதி, பாலம், சர்ச், ரொட்டிக்கடை எல்லாம் குறித்து, கீழ் மூலையில் ஆபீஸ் டிராயிங் போலவே கட்டம் போட்டேன். ‘வரைந்தவர்’ கட்டத்தில் என் பெயரின் முதல் எழுத்துகள். ‘சரிபார்த்தவர்’ கட்டத்தைக் காலியாக விட்டோம். "ஓட்டிப் பாத்துட்டு ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போடுவோம்" என்றாய். ஆளுக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டோம்.

தடையாக இருந்தது லீவுதான். ஒரே பிரிவில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் லீவில் போக முடியாது. லீவு லிஸ்ட் வைத்திருந்த பம்பாய்க்காரர் நம்மைப் பார்த்தாலே, ஒரு சமயத்தில் ஒரு ஆள், அவ்வளவுதான் என்று விரலை ஆட்டுவார். "ஏக் டைம், ஏக் ஆத்மி. கலாஸ்." இன்னும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் வரட்டும், அப்புறம் சேர்ந்து போவோம் என்று பேசி வைத்தோம்.

அடுத்த வருடம் ஆனியில் என் முறை. ஊரில் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்று கடிதம் வந்திருந்தது. தேறி வருகிறார், பயப்பட ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தாள் என் மனைவி. அந்தச் சமயத்தில்தான் நீ வந்தாய். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றாய். "ஒரே ஒரு தடவை மாத்திக் குடு மாப்ளே. ரெண்டு மாசத்துல நீ போயிரலாம்" என்று என் கட்டிலில் உட்கார்ந்து அழுதாய். லீவு முறையை மாற்றிக் கொடுப்பது அங்கே பெரிய விஷயம். இரண்டு வருடம் காத்திருந்து வாங்கும் முறையை யாரும் லேசில் விட்டுக் கொடுக்க மாட்டார்கள். நான் கொடுத்தேன்.

கூடவே அந்தக் கேசட்டையும் கொடுத்தேன். லீவில் போகிறவன் கையில் கொடுத்தனுப்புவதுதான் நம் வழக்கம். தபாலில் போட்டால் மூன்று வாரம், உடையாமல் போனால் அதிர்ஷ்டம். கையில் போனால் நாலு நாள். நீ மதுரைக்குப் போகும் வழியில் திருச்சியில் இறங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதாகப் பேச்சு.

அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். உன் முன்னால்தான் பதிவு செய்தேன். ரயில்வே வேலையை விட்டுவிட்டு பஹ்ரைனுக்குக் கிளம்பிய அன்று அப்பா என்னிடம் பேச்சை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். இரண்டு வருடம். படுக்கையில் விழுந்த பிறகு, என் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று அவர்தான் மருமகளிடம் சொல்லியிருக்கிறார். "அப்பா, நான்தான்" என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் என்னென்னவோ பேசினேன். புதய்யா சாலையைப் பற்றிச் சொன்னேன். ஊருக்கு வந்ததும் அவரைக் கேரியரில் உட்கார வைத்து, கொள்ளிடம் வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவேன் என்றேன். நீ டேப்பை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாய்.

அப்படி மூக்கை உறிஞ்சியவன், டிக்கெட்டைப் பாரிஸ் வழியாக மாற்றிக்கொண்டு போனாய். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நான் மனாமாவில் நாள் எண்ணினேன். நாலாம் நாள், இந்நேரம் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள், இரண்டாவது தடவையும் போடச் சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, அன்று காலை அப்பா போய்விட்டதாகத் தந்தி வந்தது. தந்தியை எடுத்துக்கொண்டு பம்பாய்க்காரரிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர்தான், கண் கலங்கினார். மேனேஜரிடம் போய்விட்டு வந்து கையை விரித்தார். "உன் பார்ட்னர் லீவில் இருக்கிறான் பாய். ஆள் மாஃபி, வேறு ஆளே இல்லை." என் பாஸ்போர்ட் கம்பெனிப் பெட்டியில் இருந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது என் சித்தப்பா மகன்.

உன் ஊர்சுற்றல் எனக்குத் தெரிய வந்தது ஒரு பிஸ்கட் டப்பாவால். காரியமெல்லாம் முடிந்த பிறகு என் மனைவியின் கடிதம் வந்தது. "உங்கள் நண்பர் நேற்றுத்தான் வந்தார். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கேசட்டும் ஒரு டப்பா பிஸ்கட்டும் கொடுத்தார். டப்பாவில் பிரெஞ்சு மாதிரி எழுதியிருக்கிறது. பஹ்ரைனில் இப்போது இதெல்லாம் கிடைக்கிறதா?" வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்ற மரியாதை உனக்கு இருந்திருக்கிறது. என்ன ஒரு மரியாதை.

அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாள். கேசட் வருகிறது என்று நான் தந்தி கொடுத்த நாளிலிருந்து, அப்பா தினமும் சாயங்காலம் அவளைக் கேட்பாராம்: "அந்தப் பையன் வந்துட்டானாம்மா?" கடைசி நாள் வரைக்கும் அதைத்தான் கேட்டாராம்.

நீ திரும்பி வந்து பத்து நாள் என் முகத்துக்கு நேரே வராமல் நழுவித் திரிந்தாய். வெள்ளிக்கிழமை நான் தனியாகப் புதய்யா சாலையில் போனபோது பின்னாலேயே சைக்கிளில் வந்தாய். தோப்பு ஓரத்தில் நிறுத்தினேன்.

"உங்கப்பாவுக்கு இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாய்.

"ஆபரேஷன்னு அழுதியேடா."

"ஆபரேஷன் நெசம்தான். தேதி தள்ளிப் போச்சு. நடுவுல ரெண்டு வாரம் கெடச்சுச்சு. இனி எப்பக் கெடைக்கும்னு போயிட்டேன்." பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் மாப்ளே ஓட்டுனேன்."

அந்த ஒரு வாக்கியத்தை நீ சொல்லாமல் இருந்திருந்தால், ஒருவேளை காலப்போக்கில் ஆறியிருப்பேன். உன் சைக்கிளைத் தூக்கி வாய்க்காலில் போட்டேன். உன்னையும் தள்ளியிருப்பேன். கழுதை வண்டியில் வந்த ஒரு கிழவர் இறங்கி, "கலாஸ், கலாஸ்" என்று நடுவில் நின்றுகொண்டார். என் பிரிண்டை அன்றைக்கே கிழித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அதே அறையில், அதே முதுகோடு முதுகு. என்னிடம் பேச முடியாத நீ மற்றவர்களிடம் பேசினாய். புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பயணத்தைச் சொன்னாய். கால்வாயை ஒட்டி நெட்டை மரங்கள் நிழல் போட்டுக்கொண்டே வருவதை, மத்தியானம் ஊரே கதவடைத்துத் தூங்குவதை, ஒரு மேட்டில் மூச்சு வாங்க ஏறினால் மறுபக்கம் மிதிக்காமலே மூன்று கிலோமீட்டர் இறங்குவதை. நான் பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குக் கேட்கட்டும் என்றுதான் நீ சொன்னாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். அது பரிகாரம் என்று நினைத்திருப்பாய். எனக்கு அது தண்டனை. பல்லாயிரம் தடவை அந்தச் சாலையில் நான் போய் வந்துவிட்டேன், விருப்பமில்லாமலே. எந்தத் திருப்பத்தில் சர்ச் மணி கேட்கும் என்று இன்றைக்கும் சொல்வேன். அபுதாபிக்கு வேலை மாற்றிக்கொண்டு போனதே உன் குரலிலிருந்து தப்பிக்கத்தான். குரல் கூடவே வந்தது.

இப்போது உன் பிரிண்ட் என் மேஜையில் கிடக்கிறது. என் கோடு, என் எழுத்து. ஓரங்களில் உன் பென்சில். சரிபார்த்தவர் கட்டத்தை முதலில் தேடினேன். கையெழுத்து இல்லை. அந்த மட்டும் வெட்கம் இருந்திருக்கிறது.

ஒவ்வொரு நாள் நிறுத்தத்திலும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாய். ‘காற்று பின்னாலிருந்து. சுகம்.’ ‘ரொட்டிக்கடை பூட்டு. ஒரு அம்மா செர்ரிப் பழம் கொடுத்தார்.’ ‘மாடுகள் வழி விடவில்லை. அவன் இருந்தால் சிரித்திருப்பான்.’ என்னைப் பற்றி எழுத உனக்கு என்ன உரிமை என்று அந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். காபி குடித்துவிட்டு வந்து மறுபடி பிரித்தேன். எனக்கு வேண்டியது நீ கிளம்பிய ஒன்பதாம் நாள், அந்த வியாழக்கிழமை. என் அப்பா திருச்சியில் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்தபோது நீ எந்த மர நிழலில் படுத்திருந்தாய் என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் திட்டுவதற்கு ஒரு இடம் கிடைக்கும்.

‘வியாழன். காலையிலிருந்து மழை. ஒதுங்க ஒரு மரம்தான். ரெயின்கோட்டைக் கழற்றி அவன் கேசட்டைச் சுற்றி வைத்தேன். நான் தொப்பலாக நனைந்தேன். கேசட் நனையவில்லை.’

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. இதனால் நீ நல்லவனாகிவிடவில்லை. நனையாமல் காப்பாற்றியவனுக்கு, நேரத்தில் கொண்டு சேர்க்கத் தெரியவில்லையே. ஜுரம் வந்து செத்திருக்கலாம் அன்றைக்கே என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று உன்னிடம் சொல்வதாக இல்லை.

அந்தக் கேசட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை யாரும் போட்டுக் கேட்டதில்லை. மனைவி அப்பா படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள், அடுத்த லீவில் நான் எடுத்துக்கொண்டேன். அபுதாபி, திரும்பத் திருச்சி, நாலு வாடகை வீடு, பிறகு இந்த வீடு என்று என்னோடு சுற்றியிருக்கிறது. நீ கொண்டு போன தூரத்தைவிட நான் கொண்டு போன தூரம் அதிகம். நேற்று அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டேப்பில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை.

பிறகு கூடத்துக்குப் போய் அப்பா படத்துக்கு முன்னால் நின்றேன். உன்னை மன்னித்துவிட்டுப் போகவில்லை, அதை நன்றாகத் தெரிந்துகொள். அவர் கடைசி வரைக்கும் கேட்ட கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் போனேன்.

"வந்துட்டான்பா. வழியில மழையாம்."