டாடி ஃபோட்டோ ஆணியில் ஒரு சாவி

அன்புள்ள லவினாவுக்கு, மர்பி டவுனிலிருந்து மம்மியும் டேரில் அண்ணனும் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே ஒரு குறையும் இல்லை, டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இதுவரை மம்மி சொன்னது, இனி நான். மம்மியின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டதால் அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். நான் கீழே விழுந்ததை மட்டும் எழுதாதே, பிள்ளை அங்கே தூங்கமாட்டாள் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு அதைத்தான் எழுதுகிறேன்.

பொம்மசந்திராவில் எங்கள் ஃபேக்டரியில் மெஷினுக்குள் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சில் அவனவன் தன் பூட்டைப் போட்டு சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், கூட நிற்பவன் எவ்வளவு நல்லவனானாலும் அவனிடம் கொடுக்கக் கூடாது. எனக்குப் பத்து விரலும் இருப்பது அந்த விதியால்தான். அதையே வீட்டுக்கும் கொண்டு வந்தேன். நம் சாவி பக்கத்து வீட்டு பவுலின் ஆன்டியிடம் இருப்பதும், அவர் கேட்காமலே உள்ளே வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து உறைமோர் எடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் புதுப் பூட்டு மாட்டினேன், கதவைச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், ஒரு சாவி எனக்கு, ஒன்று மம்மிக்கு. பழைய சாவி இனிமேல் உதவாது என்று ஆன்டியிடம் நானே போய்ச் சொன்னேன். சரிப்பா என்றார், அதன் பிறகு உறைமோருக்கும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது மம்மிக்குச் சுகர் இறங்கி ஹாலில் விழுந்துவிட்டாள், எழ முடியவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த ஆன்டி சர்க்கரைத் தண்ணீரை வைத்துக்கொண்டு வெளியே இருபது நிமிடம் நின்றிருக்கிறார். கடைசியில் தெருமுனை வெல்டிங் கடை டெரிக் வந்து கடப்பாரையால் கதவு நிலையைப் பெயர்த்தான். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை, நல்ல பூட்டு. அதே வாரம் ஃபேக்டரியில் பாதுகாப்புக்கான பரிசும் எனக்குத்தான், ஒரு டிஃபன் பாக்ஸ். மம்மி இப்போது நடமாடுகிறாள், பயப்படாதே.

மறுநாள் நிலையைச் சரிபண்ணி, இன்னொரு சாவி செய்து ஆன்டியிடம் நீட்டினேன், வாங்கவில்லை. "எங்க வூட்டு சாவி உங்க டாடி ஃபோட்டோ ஆணியில பத்து வருஷமா தொங்குது டேரில். நீ பூட்ட மாத்தினப்பகூட நான் அத திருப்பிக் கேக்கல" என்றார். வந்து பார்த்தேன், தொங்குகிறது. புதுப் பூட்டுக்கு டிரில் போட்ட அன்று அந்த ஃபோட்டோவை நான்தான் தூசு துடைத்தேன், சாவி கண்ணில் படவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சிலிருந்து வரும் நேரம் பார்த்து ஃபோன் பண்ணி, சாவியை வாங்கிக்கொள்ளச் சொல். உன் பேச்சைத் தட்டமாட்டார். மன்னிப்பை நானே கேட்டுக்கொள்கிறேன், அதில் நீ தலையிடாதே. அதுவரை நான் வேலைக்குப் போகும்போது கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, ஆண்டவர் உன் கூடவே இருப்பார், இது மம்மியின் ஆசீர்வாதம். எழுதியதை வாசித்துக் காட்டவா என்று கேட்டேன். "எதுக்குடா, நான் சொன்னதத்தானே எழுதியிருப்ப" என்று நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இப்படிக்கு,
உன் மம்மி
டோரதி